மட்டைக்குப் பின்னால் ஒரு வேலை

ஐபிஎல் ஓடுகிற மே மாசத்திலும் கோவில்பட்டியில் ஹாக்கிக்குக் கூட்டம் சேரும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியில் லீக் முடிந்து நாக் அவுட் தொடங்கும் சனி, ஞாயிறு வந்துவிட்டால் கடம்பூர்க்காரனான எனக்கு பெங்களூரில் இருப்புக் கொள்ளாது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பெனால்டி கார்னர் வந்தால் அடிப்பவனைப் பார்க்காதீங்க. கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் நிற்க முடியும். பந்து உள்ளே வந்ததும் முகமூடியோடு முதலில் பாய்கிறான் பாருங்க, அவனைப் பாருங்க. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடிய பந்துக்குக் குறுக்கே ஓடுவதுதான் அவன் வேலை.

வேலை என்று சொன்னது சும்மா இல்லை. ரயில்வே, ராணுவம், வங்கி என்று இறங்குகிற அணிகளின் ஜெர்சிக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருக்கிறது. கரிசல் மண்ணில் பந்து எங்கே துள்ளும் என்று ஊகித்தே பழகிய பையன்கள் கேலரியிலிருந்து பார்ப்பது அதையும்தான். இந்த ஊர் மாரீஸ்வரன் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு திரும்பியது அவர்களுக்குத் தெரியும்.

அயர்லாந்தில் ஹர்லிங் என்று மட்டையும் பந்துமாக ஒரு ஆட்டம். பிறந்த ஊருக்காக ஆடுவார்கள், சம்பளம் கிடையாது. ஞாயிறு ஆடிவிட்டு திங்கள் வேலைக்குப் போவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் போக ஒரு வேலை இருப்பவர்களின் அழகு அது. இங்கே வேலைக்காகவே மட்டை பிடிக்கிறான் என்று யாராவது சலித்துக்கொண்டால் என்னால் தலையாட்ட முடியாது. நான் இன்ஜினியரிங் படிச்சது மட்டும் எதுக்காம்?