அவதானமும் யாமும்

'அவதானம்' என்னும் சொல்லுக்குக் கவனம் என்பது பொருள். ஒரே அவையில் பலர் தொடுக்கும் வினாக்களையும் செயல்களையும் ஒருசேர மனத்தில் நிறுத்தி, ஒன்றையும் தவறவிடாது விடை கூறும் அருங்கலைக்கும் அதுவே பெயராயிற்று. எட்டினை ஏற்பவர் அட்டாவதானி. பத்தினை ஏற்பவர் தசாவதானி. பதினாறினை ஏற்பவர் சோடசாவதானி. நூற்றினை ஏற்பவர் சதாவதானி. முதுகின்மேல் விழும் கற்களை எண்ணுதல், இடையிடையே ஒலிக்கும் மணியைக் கணக்கிடுதல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாப் பாடுதல் எனப் பலவும் இக்கலையுள் அடங்கும். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்களை நிகழ்த்திப் புகழ்கொண்டவர், நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) ஆவார்.

இஸ்லாமியத் தமிழிலக்கிய வகுப்பில் ஆண்டுதோறும் இப்பகுதியை மாணவர்க்கு எடுத்துரைப்பது எம் பணி. எடுத்துரைக்கும்போதெல்லாம் எமக்குள் ஒரு முறுவல் எழும். நூறு வேண்டா; ஒன்றில் நிற்பதே அரிதாகிய நெஞ்சொன்று எமக்கு வாய்த்திருக்கிறது. அதனைக் கொண்டு அன்றாட வாழ்வை நடத்தும் வகையினை இம்மலர் வழியே அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுக் கூடத்திற்கு வருவோம். அங்கே கிடக்கும் நாளிதழில் ஒரு சொல் கண்ணிற்படும். அதன் வேர் காண அகராதியை விரிப்போம். அகராதி வேறொரு சொல்லுக்கு அழைத்துச் செல்லும். பால் பொங்கி அடுப்பை அணைத்த பின்னரே அடுப்பங்கரை என ஒன்றிருப்பது நினைவுக்கு வரும். மூக்குக்கண்ணாடியும் சாவியும் நாள்தோறும் எம்மோடு ஒளிந்து விளையாடும். விடைத்தாள் கட்டு மேசைமேல் மலைபோல் கிடக்கும், அதனைத் தொட வேண்டுமென்னும் எண்ணமும் உண்டு, தொடாமையால் விளையும் வருத்தமும் உண்டு, கைமட்டும் நீளாது. ஐந்து நிமிடமும் ஐம்பது நிமிடமும் எம் உள்ளத்துக்கு ஒரே அளவினவாகவே தோன்றும்.

ஆயின் இதே நெஞ்சு சீறாப்புராணத்தில் ஒரு படலத்தை எடுத்தால் இஷாவுக்குப் பின் அமர்ந்தது சுபுஹு பாங்கு கேட்கும்வரை அசையாது. எம் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேடு அத்தகைய இரவுகளில் உருவானதே. அதன்பின் பதிவுசெய்த முனைவர் பட்ட ஆய்வோ, குறிப்பேடுகள் இரண்டு பெட்டிகள் நிறைந்தும், இயல் ஒன்றும் நிறைவெய்தாமல் நின்றது. "இவ்வளவு படிக்கத் தெரிந்தவர்க்கு இதை முடிக்கத் தெரியாதா?" என்னும் வினாவை யாம் கேளாத நாளில்லை. கேட்டவருள் முதல்வர் யாமே.

எம் மகனுக்கு எட்டு அகவை நிரம்பியிருந்தபோது, அவன் வகுப்பில் அமர்வதில்லை என ஆசிரியை கூற, தஞ்சையில் உளநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். பொருள்களைத் தொலைப்பதுண்டா, தொடங்கியதை இடையில் விடுவதுண்டா, அழைத்தாலும் செவியில் விழாதவன்போல் இருப்பதுண்டா என அவர் அடுக்கிய வினாக்கள் யாவும் எம்மை நோக்கியே தொடுத்தன போல் இருந்தன. அதனை அவரிடம் கூறினோம். இக்குறைபாடு மரபுவழி பெரிதும் தொடர்வது என்றும், பிள்ளையைக் காட்ட வந்த பெற்றோர் தம்மைக் கண்டுகொள்வது புதிதன்று என்றும் அவர் விளக்கினார். இளமைப் பருவ வரலாறு, பழைய பள்ளி அறிக்கைகள், வீட்டார் கூற்று ஆகியவற்றை ஆராய்ந்தார். தைராய்டுக் குறை, உறக்கமின்மை, மனச்சோர்வு போன்றவை காரணமாகுமோ எனவும் நோக்கினார். குருதியைச் சோதித்தோ படம் எடுத்தோ இதனை உறுதிசெய்ய இயலாது. இறுதியில் அவர் கூறிய பெயர் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு', ஏ.டி.எச்.டி. என்பது மருத்துவ உலகின் சுருக்கம். அப்போது எமக்கு அகவை 42.

இப்பெயர் புதிது, பொருள் பழையது. 1798இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் தம் நூலில் கவனம் ஒன்றில் நில்லாத நிலையை விரித்துரைத்தார். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தைநல மருத்துவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய சிறாரைப் பற்றிப் பேசினார். 1968இல் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் இதனைக் குழந்தைகளின் மிகையியக்கமாகவே குறித்தது. 1980இல்தான் கவனக்குறைவு பெயரில் இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த அச்சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, வளர்ந்தோர்க்கு ஒன்பது அறிகுறிகளுள் ஐந்து இருப்பினும் போதும் என வகுத்தது. எனினும் பன்னிரண்டு அகவைக்கு முன்பே சில அறிகுறிகள் தோன்றியிருத்தல் வேண்டும். உலக அளவில் வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் மூவர்க்கு இது தொடர்வதாகக் கணக்கிடுவர்.

ஓடியாடும் சிறுவன் எவர் கண்ணிலும் படுவான். சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்திருக்கும் சிறுமியோ 'அமைதியான பிள்ளை' என்னும் பாராட்டைப் பெற்றுவிடுவாள். யாமும் அப்பாராட்டைப் பெற்றே வளர்ந்தோம். பெண்டிர்க்கு இன்னுமொரு சுமை உண்டு. எம் நாகூரில் ஆடவர் பலர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எனக் கடல் கடந்து பொருளீட்ட, வீட்டின் வரவும் செலவும், பிள்ளைகளின் படிப்பும், முதியோரின் மருந்தும் பெண்டிர் பொறுப்பாகவே இருந்து வந்துள்ளன. அடுப்பில் ஆணமும், வாசலில் மீன்காரரும், தொலைபேசியில் மச்சானும், மடியில் பிள்ளையுமாக நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் இயல்பாகவே சதாவதானி என ஊர் கருதுகிறது. அஃது இயலாத பெண்ணுக்கு ஊர் தரும் பட்டம் 'சோம்பேறி' என்பதே.

ஈண்டு வள்ளுவரை நினைந்து பார்க்கலாம். மடியின்மை அதிகாரத்துக் குறள் ஒன்றில் அவர் காலந்தாழ்த்தலையும் மறதியையும் சோம்பலையும் உறக்கத்தையும் நான்காக எண்ணுகின்றார், ஒன்றாகக் கூட்டிவிடவில்லை. மறதிக்கெனவே பொச்சாவாமை என்னும் தனி அதிகாரமும் வகுத்தார். நான்கும் கேடு தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேறு வேறான நோய்க்கு வேறு வேறான மருந்தன்றோ வேண்டும்? மறப்பவரைச் சோம்பர் என்று கடிவதனால் மறதி தீராது; நாணம் ஒன்றே மிகும்.

அமெரிக்க உளவியலறிஞர் ரசல் பார்க்லி 1997இல் வெளியிட்ட நூலில், இக்குறைபாட்டைத் தன்னைத் தான் நெறிப்படுத்தும் ஆற்றலின் குறையாக விளக்கினார். செய்ய வேண்டுவதை அறிந்திருந்தும் உரிய வேளையில் செய்ய இயலாமையே இதன் இயல்பு. ஆதலின் உள்ளே நில்லாதவற்றை வெளியே நிறுத்திக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் வழியினர் கூறும் தீர்வு. இவ்வொரு கருத்தே எம் வீட்டை மாற்றியது.

முதலாவது காலம். 'நான்கு மணிக்கு' என்று குறித்த செயல் எமக்கு நான்கு மணிக்கு நினைவுக்கு வாராது. ஊரெங்கும் ஒலிக்கும் பாங்கோ எம்மைத் தேடி வந்து செவியில் விழும். எனவே சுபுஹுக்குப் பின் விடைத்தாள் பத்து, அஸருக்கு முன் மறுநாள் பாடக்குறிப்பு, மஃரிபுக்குப் பின் மகனின் வீட்டுப்பாடம் என வேலைகளைத் தொழுகை வேளைகளோடு முடிந்துவைத்தோம். இடைப்பட்ட பொழுதுக்குக் கைப்பேசியின் மணியும், அடுப்பங்கரை உட்பட எல்லா அறைகளிலும் சுவர்க்கடிகாரமும் உதவுகின்றன.

இரண்டாவது இடம். கண்ணிற்படாத பொருள் எமக்கு இல்லாத பொருளே. ஆதலின் வாயிற்கதவருகே ஓர் ஆணி. சாவியும் அடையாள அட்டையும் அதற்கே உரியன. மூடிய அலமாரியை விடுத்துத் திறந்த தட்டுகளை வைத்துக்கொண்டோம். பல குறிப்பேடுகள் போய் ஒன்றே ஒன்று எஞ்சியது. மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானே சென்றுவிடுகிறது.

மூன்றாவது துணை. யாம் விடைத்தாள் திருத்தும்போது எம் லாத்தா எதிரில் அமர்ந்து கீரை ஆய்வார். "நீ பாட்டுக்குத் திருத்தும்மா, நான் இங்கேதான் இருக்கேன்" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் கூறுவதில்லை. தனித்திருந்தால் மூன்று நாள் இழுக்கும் கட்டு, அவர் உடனிருப்பால் இரண்டு அமர்வில் முடிகிறது. இவ்வுடனிருப்பினை மேலைநாட்டாரும் இப்போது இக்குறைபாடுடையோர்க்கு ஓர் உத்தியாகப் பரிந்துரைப்பது வியப்பளிக்கிறது. நம் முற்றங்களுக்கு அது பழக்கமானதே.

நான்காவது மருந்து. 1944இல் லியாண்ட்ரோ பனிசோன் என்னும் வேதியியலர் உருவாக்கிய மெத்தில்பெனிடேட், மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் செயலைக் கூட்டிக் கவனத்துக்கு வலுவூட்டுவது. நம் நாட்டில் இது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மருத்துவர் சீட்டின்றிப் பெறலாகாது. எல்லார்க்கும் ஏற்றதும் அன்று. இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் பார்த்தே தருவர். நோன்பு மாதத்தில் மருந்து வேளையைச் சஹருக்கு மாற்றிக்கொள்வதும் மருத்துவரைக் கேட்டே. அம்மாதத்தில் உறக்கம் துண்டுபடுவதால் வேலைகளைக் குறைத்துக்கொள்ளவும் அறிந்துள்ளோம். மருந்து வேலையைச் செய்து தருவதில்லை. வேலையைத் தொடங்கும் வாயிலைச் சற்றே திறந்து வைக்கிறது. அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும் வளர்ந்தோர்க்குப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவற்றால் குறை நீங்கிற்றோ எனின், இல்லை. ஆணம் இன்றும் சில நாள் அடிப்பிடிக்கிறது. ஆயினும் ஆய்வேட்டின் முதல் இயல் நிறைவுற்றது. இரண்டாம் இயல் நடைபெறுகிறது. அதனினும் பெரிது, மகனைக் கடிந்துகொள்ளும் குரல் எம் வீட்டில் தணிந்தது. அவன் புத்தகப்பைக்கும் வாயிலருகே ஓர் ஆணி உண்டு.

பாவலரின் அரங்கினை இப்போது யாம் வேறு வகையாகப் பாடம் சொல்கிறோம். சதாவதானி தனியே நிற்பவர் அல்லர். அவரைச் சூழ ஓர் அவை உண்டு. வினவுவோர்க்குப் பணி பகுக்கப்பட்டிருக்கும். கல்லெறிவோர் ஒருவர், மணியடிப்போர் ஒருவர், ஈற்றடி தருவோர் ஒருவர். பாவலரின் ஆற்றல் அரியதே. அவ்வாற்றல் விளங்குதற்கும் ஒழுங்கமைந்த அவை வேண்டியிருந்தது. நூற்றை ஏற்ற நெஞ்சுக்கே அவை துணையாயின், ஒன்றில் நில்லா நெஞ்சுக்கு அஃது எத்துணை இன்றியமையாதது!

நம் வகுப்பறைகளிலும் இத்தகையோர் இருப்பர். எழுதி முடித்த ஒப்படைப்பை விடுதியில் வைத்துவிட்டு வருபவர் உண்டு. வினாவை முற்றும் கேளாமல் விடை தொடங்குபவர் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிக்கும் 21 வகைகளுள் கவனக்குறைவு தனியே இடம்பெறவில்லை. எனினும் சட்டம் வேண்டாத உதவிகள் பல நம் கையில் உள. ஒப்படைக்கும் நாளை வாயால் சொல்வதோடு நில்லாமல் பலகையில் எழுதலாம். பெரிய கட்டுரையை மூன்று கூறாக்கி மூன்று நாள்களில் வாங்கலாம். பலர்முன் நாணச் செய்யாமல் தனியே அழைத்து வினவலாம். மேலும் உதவி வேண்டுவோர்க்கு 2022 முதல் நடுவணரசின் 'டெலி மனஸ்' உளநல உதவி எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

சாளரத்தருகே அமர்ந்து வானம் பார்க்கும் மாணவியே! உன்னைச் சோம்பேறி என்று நீயே தீர்ப்பெழுதிவிடாதே. எம் அறையின் கதவு திறந்தே இருக்கும். மதிய பாங்கு ஒலித்தபின் வா. அப்பொழுதெனில் யாமும் மறவாதிருப்போம்.