தேக்காவில் உதிர்ந்த ஒற்றுகள்

சிங்கப்பூரின் தேக்காவில், பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடை. அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கறுப்பு மார்க்கரில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள்: ‘கீரை கடை உள்ளே’. கீழே ஓர் அம்புக்குறி. ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாண நண்பர் நின்று உரக்க வாசித்தார். “உள்ளுக்குப் போய்க் கீரை கடையட்டாம். மத்து கொண்டுவந்தனீங்களோ?”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்டுக்கீரையில் ஒரு கட்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.

*

கீரைக் கடை என்றால் விற்கிற இடம். கீரை கடை என்றால் மசி என்று ஏவல். நடுவில் இருக்கும் ‘க்’ பெயரை வினையாகப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சொல்லும்போது யாரும் பிசகுவதில்லை. கடையைக் கேட்கிறவர் வாயில் அந்த ‘க்’ தானாக விழுகிறது. எழுதும்போதுதான் உதிர்கிறது.

*

நண்பர் நார்வேக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. அங்கேயும் இதே தொல்லையாம். நார்வேஜிய மொழியில் கூட்டுச்சொல்லை ஒட்டித்தான் எழுத வேண்டும். ‘ரோய்க்ஃப்ரித்’ என்று சேர்த்து எழுதினால் புகை இல்லாத இடம். இரண்டாகப் பிரித்து ‘ரோய்க் ஃப்ரித்’ என்று எழுதினால் தாராளமாகப் புகைபிடி என்றாகிவிடும். இறைச்சிக் கடையில் ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். வாயால் சொல்லும்போது அங்கும் குழப்பம் இல்லை. ஒட்டிய சொல்லில் முதல் பகுதிக்கு அழுத்தம் கூடும், இரண்டாவது தணிந்து போகும். பிரித்துச் சொன்னால் இரண்டும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். தப்பெல்லாம் பலகையில்தான். ஆங்கிலத்தைப் பார்த்துக் கெட்டுப்போனதாக அங்கே ஆங்கிலத்தின் மேல் பழி போடுகிறார்கள். இங்கே பழியை, ஒற்றுக்கு இடம் போதாத பேனரின் அகலத்தின் மேல்தான் போட வேண்டும்.

*

நார்வேஜியர்களுக்கு இடைவெளி பொருளையும் அழுத்தத்தையும்தான் கெடுக்கிறது. நமக்கு வல்லெழுத்தின் ஒலியையும் சேர்த்துக் கெடுக்கிறது. தமிழில் வல்லெழுத்து ஒன்றுக்கு ஒரே உரு. சொல் முதலில் நின்றாலும் இரட்டித்தாலும் வன்மை. உயிர்களுக்கு நடுவே தனியாகவோ மெல்லினத்துக்குப் பின்னாலோ வந்தால் மென்மை. ஆக இடைவெளியும் ஒற்றும் நாக்குக்குச் சொல்லும் சேதி.

தோ பாயோ ரயில் நிலையப் பலகையில் ‘தோ’ தனி, ‘பாயோ’ தனி. அந்த இடைவெளிதான் ‘பா’வை வன்மையாக வைத்திருக்கிறது. ஒட்டி எழுதினால், ஊருக்குப் புதிதாய் வந்த தமிழர் ‘பாட்டு’ என்பதில் உள்ள பாவாக வாசிக்க மாட்டார். ‘கோபால்’ என்பதில் உள்ள பாவாகத்தான் வாசிப்பார்.

*

வடகிழக்கு ரயில் பாதையில் போகும்போது இதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறேன். போத்தோங் பாசிர்: த்த போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். பொங்கோல்: தமிழ் எழுத்து மலாய்ப் பெயரை அச்சாகச் சொல்கிறது, ஏனென்றால் ங்க என்று வந்தாலே நமக்கு மென்மை. அதற்கு முந்திய நிலையம் செங்காங். அங்கே அதே ங்க காலை வாருகிறது. செங் ஒரு சொல், காங் ஒரு சொல். சீனத்தில் செழிப்பு, துறைமுகம். இரண்டாவதை வன்மையாகச் சொல்ல வேண்டும். நம் எழுத்து அந்தப் பிரிவையே அழித்துவிட்டு, செங்கல்லைப் போல மென்மையாக வாசிக்க வைக்கிறது. வேறு எப்படி எழுதலாம் என்று யோசித்தேன். ‘செங் காங்’ என்று பிரிப்பதுதான் வழி. அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள், ஒரே விதி, ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி.

தஞ்சோங் பகார், செம்பவாங் எல்லாம் நமக்கென்றே வைத்த பெயர்கள் போல இருக்கின்றன. டோபி காட் பக்கம் போகவே வேண்டாம். சலவைத் துறைக்கு வைத்த இந்திப் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்துப் பாதிப் பேர் ‘காட்’ என்பதைக் ‘கோட்’ என்கிறார்கள்.

*

உட்கார இடம் கிடைத்தால் பெயர்களை அசை பிரித்து அலகிடுவதும் உண்டு. தேக்கா: நேர் நேர், தேமா. சிராங்கூன்: நிரை நேர், புளிமா. செம்பவாங்: கூவிளம். சிங்கப்பூர்: சிங், கப், பூர், மூன்றும் நேர், தேமாங்காய். இப்போது ‘ப்’பை எடுத்துவிட்டுப் பாருங்கள். சிங்கபூர்: சிங், கபூர். நேர் நிரை. கூவிளம் ஆகிவிட்டது! ஓர் ஒற்றுப் போனதில் நாட்டின் பெயரில் ஓர் அசை குறைகிறது. ‘பூ’வும் மென்மையாகி, இந்தி நடிகர் குடும்பப் பெயரைத் தமிழர் சொல்வது போலக் கேட்கிறது. கைப்பேசியில் அவசரமாய்த் தட்டும் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், நான் உட்பட.

*

உணவங்காடி நிலையம். செய்தித்தாள் தமிழ், பேச்சில் ஹாக்கர் சென்டர்தான். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்று இதை எழுத்துக் கூட்டி வாசித்ததைக் கேட்டேன்: “உண… வங்காடி.” பிறகு, “வங்காடின்னா என்ன?” பிள்ளை மேல் தவறில்லை. உணவும் அங்காடியும் சேரும்போது உகரம் ஓடிவிட, ‘வ்’ அடுத்த வீட்டு ‘அ’வைப் பிடித்துக்கொள்கிறது. ‘வங்’ என்ற அசையில் இரண்டு சொல்லும் பாதிப் பாதி. நாக்கு வெட்டுகிற இடம் வேறு, பொருள் வெட்டுகிற இடம் வேறு. நார்வேஜிய மொழி படிக்கப் போகிறவர்களும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதானாம். நண்பர் சொன்னார்: “முதல் ரெண்டு வருசம் நான் எல்லாத்தையும் பிழையான இடத்தில வெட்டினனான்.”

*

ஏப்ரல் வந்தால் இங்கே தமிழ்மொழி விழா, எங்கும் அதை நடத்தும் வளர்தமிழ் இயக்கத்தின் பெயர். வளர்தமிழ் வினைத்தொகை, வளர்ந்த, வளர்கிற, வளரும் தமிழ் மூன்றும் அதற்குள் அடங்கும். வினைத்தொகையில் ஒற்று மிகாது. சரி, ‘த’வை எப்படிச் சொல்வது? மேடையில் அறிவிப்பவர்கள் ‘வளர்’ என்றதும் மயிரிழை நிறுத்தி, ‘தமிழ்’ என்று வன்மையாகச் சொல்கிறார்கள். ஊறுகாயும் வினைத்தொகைதான். அதற்கு யாரும் நிறுத்துவதில்லை, ‘கா’ மென்மையாகவே வழுக்கிக்கொண்டு போகிறது. சுடுகாடும் அப்படியே. பழகிப் பழகி ஒரே சொல்லாய் ஊறிவிட்டவை. வளர்தமிழ் இன்னும் ஊறவில்லை.

*

சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு நண்பரை அழைத்துப் போகக் கைப்பேசியின் வரைபடத்தைப் போட்டேன். ரோமன் எழுத்தில் இருந்ததை அந்தக் குரல் “வீரமக் காலியம்மன்” என்றது. வீரமாகாளியம்மன் இப்படிக் காலியானாள். வீர, மா, காளி, அம்மன்: நான்கு துண்டு, ஒரு மூச்சு. ஆங்கில எழுத்தில் நெடிலும் போச்சு, ளகரமும் போச்சு, மூட்டும் தெரியவில்லை. இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தக் கோயிலின் பழைய பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். பக்கத்தில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் சுண்ணாம்புக் கம்பம் கோயில். கம்பம் என்பது மலாய்க் கம்போங், கிராமம். அயல்மொழிச் சொல்லைக் கூட்டி வந்து, உரிய ‘க்’கையும் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். கூலி வேலைக்கு வந்தவர்கள் வாயில் பிறந்த பெயர்.

*

தேக்கா ஹொக்கியன் சொல். ‘தேக் கியா கா’, மூங்கிலடி. மூன்று அசையில் நடு அசை தேய்ந்து, மிஞ்சியது இரண்டு. தமிழில் க்க போட்டதால் ‘கா’ தேயாமல் நின்றது. 1982-ல் புதிய சந்தைக் கட்டடம் வந்தபோது அதே சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்து ‘ஜூஜியாவ்’ சென்டர் என்று பெயரிட்டார்கள். மீன் வாங்க வந்த மலாய்க்காரர், தமிழர், ஹொக்கியன் பாட்டி, யார் வாயிலும் அது நுழையவில்லை. எல்லாரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-ல் பலகையை மாற்றி, தேக்கா சென்டர் ஆக்கினார்கள்.

  

*

தீபாவளிக்குப் பேனர் அடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வாழ்த்துகள்’ போதும், அதற்கு ஒற்று வேண்டாம். அங்கே மிச்சமாகும் ‘க்’கைக் கீரைக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று அச்சகத்தில் ஒற்றை எடுக்கச் சொன்னால், எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.