நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?

ஜுரத்துக்கு தெர்மாமீட்டர், பி.பி.க்கு ஒரு மெஷின், 2021 கோவிட் புண்ணியத்துல எல்லார் வீட்டு டிராயர்லயும் ஒரு ஆக்சிமீட்டர். எல்லாம் இருக்கு. ஆனா வீட்ல யாரோட மூச்சையாவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா? அதுக்கு செகண்ட் முள் இருக்கிற கடிகாரம் போதும்.

வளர்ந்தவங்க சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12-லேர்ந்து 20. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழுசா 60 செகண்ட் எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா, ஒரு மூச்சு தப்பினாலும் கணக்குல நாலு இடிக்கும்.

நம்ம யோக, சித்த மரபுல ஒரு நாளைக்கு 21,600 மூச்சும்பாங்க. 1,440 நிமிஷத்தால வகுத்துப் பாருங்க, கச்சிதமா 15! (பாங்க்காரன் புத்தி, எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுக்கத் தோணும்.)

சிக்கல் என்னன்னா, எண்ணறாங்கன்னு தெரிஞ்சாலே மூச்சு மாறிடும். நாமளே நம்மளோடதை எண்ணினா சுத்தம்! நான் டிவி பார்க்கும்போது பையன் திருட்டுத்தனமா எண்ணினான், 14. நானே எண்ணினப்ப 10.

2023 டிசம்பர்ல அப்பா கும்பகோணத்துலேர்ந்து எங்க மயூர் விஹார் வீட்டுக்கு வந்திருந்தார். 74 வயசு. தில்லிக் குளிர்ல மூணு நாளா இருமல். கேட்டா "ஒண்ணுமில்லடா, வெறும் சளி." நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் அவர் சால்வை மேல வெச்சேன். 26. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி. 27.

"ஆக்சிமீட்டர் 94 காட்டுதே, காலைல போலாமேங்க"ன்னாங்க வீட்டம்மா. விரல் ஐஸ் மாதிரி இருந்தா அந்த மெஷினே தப்பா காட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு டாக்ஸி பிடிச்சோம். எமர்ஜென்சில இருந்த சின்னப் பொண்ணு டாக்டர் முதல்ல செஞ்சது, அப்பா நெஞ்சையும் தன் வாட்ச்சையும் மாறி மாறிப் பார்த்ததுதான். எக்ஸ்ரேல நிமோனியா.

பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல கொண்டுவந்து 2017-ல திருத்தின ஒரு மதிப்பெண் முறை இருக்கு. மூச்சு 12-20 இருந்தா பூஜ்யம், 21-24-க்கு 2, 25-ஐத் தொட்டா 3. அந்த ஒரு அளவுக்கு அதுதான் உச்சம், உடனே டாக்டர் வந்து பார்க்கணும். உடம்பு கெட ஆரம்பிக்கும்போது முதல்ல மாறுறதுல மூச்சும் ஒண்ணு. ரத்தத்துல ஆக்சிஜன் குறையாம இருக்க உடம்பு வேகவேகமா இழுக்கும், அதனால ஆக்சிமீட்டர் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாவே இருக்கும்.

அப்புறம் அஞ்சு நாள் வார்டு வாசம். கால்மாட்டுல தொங்கின சார்ட்டைப் புரட்டினேன். மூச்சுக் கட்டத்துல 18, 18, 18. பக்கத்து பெட்காரர் இளைச்சுக்கிட்டு இருக்கார், அவருக்கும் 18! எங்க பிராஞ்சுல ஒரு வாரம் குளோசிங் கேஷ் ஒரே தொகைன்னு எழுதினா இன்ஸ்பெக்‌ஷன்காரர் சும்மா விடுவாரா? நர்ஸைக் குறை சொல்லவும் மனசு வரலை. முப்பது பேருக்கு ரெண்டே பேர். ஆளுக்கு ஒரு நிமிஷம்னா எண்ணவே அரை மணி போயிடும். ஆனா எண்ணாத எண்ணை எழுதறதுக்கு அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிருக்கலாம். அந்த அஞ்சு நாளும் நானே எண்ணி பாக்கெட் டைரில குறிச்சேன். 27, 24, 22, 20, 18.

கடைசி நாள் நிஜமாவே 18.

இப்போ அப்பா ஊர்ல. ஞாயித்துக்கிழமை அவர் பேப்பர் படிக்கும்போது அம்மா கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிட்டு, கொல்லைப்பக்கம் போய் எனக்கு போன் பண்ணுவாங்க. போன வாரம் 17. அப்பாவுக்கு இது தெரியாது.