அடைக்கலம்

நரிக்குடியில் மருது சகோதரர்கள் கட்டிய சத்திரத்து நிழலில் அமர்ந்து, என் தம்பி மகன் ஒரு ஜப்பானியச் சித்திரக் கதையில் மூழ்கியிருந்தான். மந்திரவாதிகளும் அரசர்களும் போரிடும் கதை.

“நண்பனுக்காக நாட்டையே இழக்கிற தலைவன் நிஜத்தில் உண்டா, பெரியப்பா?” என்றான்.

“உண்டப்பா. இதோ, பக்கத்து முக்குளத்தில் பிறந்தவர்கள்தாம்” என்றேன்.

1799இல் கட்டபொம்மனைக் கும்பினியாரிடம் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் விழுந்தபின், சிவகங்கைச் சீமையில் மருதிருவரிடம் தஞ்சம் புகுந்தார். அவரை ஒப்படைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். ஒப்படைக்கவில்லை. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரும் தூக்கு மேடை ஏறினார்கள்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் சின்ன மருதுவின் நண்பர்தாம். வேல் எறியவும் வளரி வீசவும் அவரிடம் கற்றவர். போர் வந்தபோது எதிரணியில் நின்றார். தொடை முறிந்து பிடிபட்டுக் கிடந்த நண்பரைக் கண்டு வருந்தினார். அந்த வருத்தத்தை 1830இல் வெளிவந்த தம் நூலில் எழுதியும் வைத்தார்.

பையன் மீண்டும் புத்தகத்தில் ஆழ்ந்தான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், கடன்காரர்களுக்குப் பயந்து நள்ளிரவில் என் கதவைத் தட்டிய நண்பனிடம், ஜன்னலைத் திறந்து, “காலையில் வாயேன்” என்றவன் நான். அவன் வரவே இல்லை. அவனை வைத்து இரண்டு கதைகள் எழுதினேன், வாசகர்கள் பாராட்டினார்கள்.

மருதுவின் மண்ணில் பிறந்தும், நான் வெல்ஷின் கட்சிதான்.