எங்கள் வீட்டு சர்வர் சுந்தரம்

சர்வர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு 1964ல் வந்த படத்தின் நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியிலும் உணவகத்தில் பரிமாறுகிறவருக்கும் கம்ப்யூட்டர் சர்வருக்கும் ஒரே சொல்தான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது இருவருக்கும் வேலை. அதனால், "தாத்தா, உங்க பழைய போனை சர்வர் ஆக்கலாம்" என்று பேத்தி சொன்னதும் அதற்கு சுந்தரம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். மார்த்தாண்டம் என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்றதும் அவளோடு இங்கே வந்தேன். 2021ல் அவள் போய்விட்டாள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, பேத்திக்காகத் தன் சமையல் பக்குவங்களை என் போனில் பேசிப் பதிந்து வைத்தாள். மரச்சீனி அவிப்பது, சக்கை எரிசேரி, மீன் குழம்புக்கு அரைப்பது என 31 பதிவுகள். ஒவ்வொன்றும் "மக்களே, கேட்டுக்கோ" என்று தொடங்கும். அவற்றை இணையத்தில் ஓர் இலவசச் சேமிப்பில் ஏற்றி நிம்மதியாக இருந்தேன். அந்தக் கம்பெனி ஒருநாள் கடையை மூடிவிட்டது. முன்கூட்டி வந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. திரை உடைந்து அலமாரியில் கிடந்த பழைய போனில் மூலம் இருந்ததால் பிழைத்தேன்.

பேத்தி அதில் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை எஃப்-டிராய்டிலிருந்து இறக்கினாள். ஆண்ட்ராய்டு போனுக்குள் லினக்ஸ் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். அதில் பைத்தானை நிறுவி, அதோடு கூடவே வரும் சிறிய சர்வரை ஒரே வரியில் ஓடவிட்டாள். இணையதளங்கள் வழக்கமாக நிற்கும் 80ஆம் எண் போர்ட்டில் சாதாரணப் போன் நிற்க முடியாது; 1024க்குக் கீழே தனி உரிமை வேண்டும். ஆகவே சுந்தரம் 8000ல் நிற்கிறான். இது ஒன்றும் புதுக் கூத்து இல்லை. நோக்கியா ஆராய்ச்சியாளர்கள் 2006லேயே அப்பாச்சி சர்வரைக் கைபேசியில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலும் அந்த எண்ணைத் தட்டினால் பதிவுகள் வரிசையாக வரும். வெளியுலகுக்குத் திறந்துவிடவில்லை; இந்தச் சின்ன சர்வருக்குப் பூட்டு கிடையாது. ஆனால் இணையமே இல்லாவிட்டாலும் ஓடும். 2017 நவம்பர் 30ல் ஒக்கி அடித்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை, கையில் போன் வெறும் கட்டையாக இருந்தது நினைவிருக்கிறதா? அப்படி ஒரு நாள் திரும்ப வந்தாலும், சார்ஜ் உள்ளவரை சுந்தரத்தின் ஹாட்ஸ்பாட்டிலேயே அவள் குரலைக் கேட்கலாம்.

தொல்லைகளும் உண்டு. திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அவனைத் தூங்க வைத்துவிடும்; டெர்மக்ஸில் 'விழித்திரு' என்று ஓர் ஏற்பாடு, பேட்டரி சிக்கனத்திலிருந்து விலக்கு, இரண்டும் செய்தோம். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிடும், வீடு மாறிய ஆளைப் போலத் தேட வேண்டும். இப்போது ரவுட்டரிலேயே எல்லாப் போன்களுக்கும் எண்ணை நிரந்தரமாக்கிவிட்டோம். இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடந்ததில் பேட்டரி உப்பி முதுகு பிளந்தது. அது என் தப்பு. தீப்பிடிக்கக் கூடியது, விளையாட வேண்டாம். மாற்றிய பின் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மட்டும் சார்ஜ்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கறுப்புத் திரைதான். யார் எதைக் கேட்டாலும் தேதி, நேரம், கேட்டவர் எண், கோப்பு எண் என்று ஒரு வரி எழுதிவிடும். கொடுத்தால் 200, இல்லையென்றால் 404. எங்கள் ஆபீஸ் தபால் பதிவேடே இத்தனை ஒழுங்காக இருந்ததில்லை. தினமும் காலையில் காப்பியோடு அதைப் பார்ப்பேன். பெரும்பாலும் மருமகள், 11 மணி வாக்கில்.

மகன் மட்டும் கேட்டதே இல்லை. "இப்ப வேண்டாம்ப்பா" என்பான். நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் ஒருநாள் பார்க்கிறேன்: இரவு 2.14, அவன் போனின் எண், 17ஆம் பதிவு, 200. பிறகு 2.21க்கு மறுபடி 17. 2.29க்கு மறுபடி.

17 மீன் குழம்பு. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும்போது அவன் எதுவும் பேசவில்லை. நான் திரையை அணைத்துவிட்டு, சுந்தரத்தைச் சார்ஜில் போட்டேன்.