ரொட்டித்தூளும் உப்புக்கண்டமும்

மாட்டிறைச்சியை விரலளவுத் துண்டுகளாக நறுக்கி, மைதா, முட்டை, ரொட்டித்தூள் என்று மூன்று முறை புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பண்டம் எளியதுதான். வியன்னாவில் கன்றிறைச்சி, மிலானில் எலும்போடு கூடிய கன்றின் விலாக்கறி, இத்தாலியர் குடியேறிய அர்ஜென்டினாவில் ‘மிலனேசா’ என்ற பெயரில் மாட்டிறைச்சி என எல்லாம் ஒரே குடும்பம். சென்னையிலும் பெரம்பூர், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரொட்டித்தூள் புரட்டிய கட்லெட்டும் சாப்ஸும் தலைமுறைகளாக உண்டு. நாங்கள் இருவரும் இதைச் செய்யத் தொடங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்பு, அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிய பிறகுதான். அந்தப் ‘பிறகுதா’னுக்குப் பின்னால் வருகிறோம். முதலில் கறி.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் தட்டுக்கு வருவது செருப்புத்தோல். குறிப்பை எழுதியவர்மேல் குற்றமில்லை. அவர் மனத்தில் இருப்பது இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட இளம் மாடு. நமக்குக் கிடைப்பது உழுதும் வண்டியிழுத்தும் ஓய்ந்தது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம்; காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கியவை விதிவிலக்கு. 1976இல் வந்த அரசாணை பசுவை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. கோட்டையில் எழுதப்பட்ட ஒரு வயதுவரம்பு இப்படியாக நம் கடைவாய்ப் பல்லுக்கு வந்து சேர்கிறது. வயது ஏற ஏறத் தசையிலுள்ள கொலாஜன் இழைகளின் பிணைப்பு இறுகிக்கொண்டே போகும். அது இளகிக் கூழாவதற்கு நீண்ட நேர ஈரச்சூடு வேண்டும். பொரிப்பதோ மூன்று நிமிட வேலை.

இதற்கு வழிகள் உண்டு. கடைக்காரர்கள் ‘அண்டர்கட்’ என்று சொல்லும், முதுகெலும்பை ஒட்டிய மிருதுவான கறியை வாங்கிவிடலாம். மாட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ தேறும் அதை விடியுமுன்பே உணவகக்காரர்கள் கொண்டுபோய்விடுகிறார்கள். மிஞ்சுவது தொடைக்கறி. அதை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. நாகர்கோவில் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் எங்களில் ஒருவர். ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில் தேக்கிலையில் பொதிந்த இறைச்சியை வாங்கி வருவது அவருக்குக் காய்கறி வாங்குவது போன்ற ஒரு காரியம். அவருடைய கட்சி, முதலில் வேகவைத்துவிடுவது: இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், உப்புடன் குக்கரில் ஐந்து விசில், வெந்த சாற்றிலேயே ஆறவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் இறுகச் செய்து, பிறகு நறுக்குவது. சூட்டோடு நறுக்கினால் உதிர்ந்துவிடும். மற்றவரின் கட்சி, பச்சையாகவே கால் அங்குல கனத்தில் சீவி, இழைக்குக் குறுக்காக வெட்டி, பப்பாளிக்காய் விழுதில் அரைமணி நேரம் ஊறவைப்பது. அதற்கு மேல் ஊறினால் பப்பாளியின் நொதி கறியின் மேற்பரப்பைக் களிம்பாக்கிவிடும். முதல் வழியில் பண்டம் கட்லெட்டை நினைவூட்டுகிறது. இரண்டாவதில் கறி கறியாகவே இருக்கிறது. ஆனால் முதல் வழியில் கூடுதலாக ஒரு ரசம் கிடைக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

புரட்டுவதில் எங்களுக்குள் சண்டை இல்லை. துண்டுகளை முதலில் துணியால் ஒற்றி ஈரமெடுக்க வேண்டும். மைதா மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, முட்டை பசையாகிறது, தூள் அதில் ஒட்டுகிறது. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் சட்டை எண்ணெயில் கழன்றுவிடும். பழைய ரொட்டியை வெயிலில் காயவைத்து மிக்சியில் ஓட்டிய தூளே நல்லது. ரஸ்க் தூளில் இனிப்பு இருப்பதால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். புரட்டிய துண்டுகள் கால்மணி நேரம் தட்டில் கிடக்கட்டும். கடலை எண்ணெயில் ஒரு துளி தூளைப் போட்டால் அது உடனே நுரைத்து மேலே வர வேண்டும். புகை வரக் கூடாது. நான்கைந்து துண்டுகளுக்கு மேல் ஒரே ஈட்டில் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும்.

பொரித்தெடுத்தபின் அது என்னவென்று பார்த்துச் சொல்ல முடியாது. மீனாக இருக்கலாம், கோழியாக இருக்கலாம், பன்னீராகக்கூட இருக்கலாம். ஆஸ்திரியாவில் உணவகப் பட்டியலில் வெறுமனே ‘வீனர் ஷ்னிட்ஸல்’ என்று எழுதினால் அது கன்றிறைச்சியாகத்தான் இருந்தாக வேண்டும். பன்றியென்றால் பன்றி என்று எழுத வேண்டும். நம்மிடம் பெயரே வேறு வேலை செய்கிறது. ‘பீஃப்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது உணவகத்துப் பண்டம். ‘பெரிய கறி’ என்றால் கேட்பவர் நம்மவர். ‘மாட்டுக்கறி’ என்றால் சொல்பவரின் சாதி என்ன என்று கேட்பவர் ஒரு கணம் யோசிக்கிறார். ரொட்டித்தூளுக்கு முன்பே சொற்களால் புரட்டிவிடுகிறோம்.

இப்போது அந்தப் ‘பிறகுதா’ன். எங்களில் மற்றவரின் அம்மா அரக்கோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துச் சேரியில் பிறந்து, அரசு மருத்துவமனையில் செவிலியராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அத்தனை ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகள். வீட்டுக்காரர்கள் யாரும் சாதியை நேராகக் கேட்டதில்லை. ‘கவுச்சி உண்டா?’ என்பார்கள், ‘ஆடு கோழின்னா பரவால்ல’ என்பார்கள். அவர் ஆடும் கோழியும் மட்டும் சமைத்தார். வேலை கிடைத்த வருடத்தோடு மற்றது நின்றது. ஊருக்குப் போனால் சாப்பிடுவார். பேருந்து ஏறுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுவார். அவர் பிள்ளை அதன் மணத்தை அறிந்தது கல்லூரி விடுதிக்குப் போன பிறகு. நாங்களும் இப்படியான வீடுகளில் எட்டு வருடம் இருந்திருக்கிறோம். 2017 மே மாதம் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசின் அறிவிக்கை வந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்த அந்த வாரத்தில் நண்பர்கள் பலர் முகநூலில் தங்கள் தட்டைப் படமெடுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும் முகநூலில் இருந்தார். நாங்கள் விருப்பக்குறிகூட இடவில்லை.

அம்மா சென்ற மாதம் வந்திருந்தார். இரண்டு கிலோ தொடைக்கறி வாங்கியிருந்தோம். நாங்கள் பலகையை எடுத்து வைப்பதற்குள் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். கறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இழை போகும் திசையிலேயே, நெடுக்காக, ஒரு சாண் நீளத்துக்குச் சீவத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஒரே கனம். பத்து நிமிடத்தில் பாதிக்கறி நாடாக்களாகிவிட்டது. குறுக்காக வெட்டினால்தான் மெல்ல முடியும் என்று சொன்னோம்.

“குறுக்கால அறுத்தா காயறதுக்குள்ள பிஞ்சி வுழுந்துடும், கண்ணு. நீட்டா இருந்தாத்தான் கயித்துல நிக்கும்” என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவரே ஒரு நொடி நின்றார்.

அவருடைய கை உப்புக்கண்டத்துக்கு அறுத்துக்கொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத தெருவில், கறி கிடைத்த நாளில் உண்டது போக மிச்சத்தை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். அடைமழைக் காலத்தில் இரண்டு துண்டைச் சுட்டுத் தட்டினால் ஒரு சட்டிக் கூழுக்குத் துணை. மராத்வாடாவின் தலித் சமையலைப் பற்றி ஷாஹு படோலே மராத்தியில் 2015இல் வெளியிட்ட புத்தகம் ‘சான்யா’ என்ற காய்ந்த மாட்டிறைச்சியைப் பற்றிப் பேசுகிறது. மிச்சத்தை வெயிலில் போடும் அதே காரியம்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்யாத கை திசையை மறக்காமல் வைத்திருந்ததை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீதிப் பாதியைக் குறுக்காக வெட்டிப் புரட்டிப் பொரித்தோம். அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார். “மேல இருக்கிறது நல்லா மொறுமொறுன்னு இருக்குது” என்றார். உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, “அது தெரியலியே” என்றார். தூளைச் சுரண்டி ஓரமாக வைத்துவிட்டுக் கறியை மட்டும் தின்று பார்த்தார். பிறகு கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்டார்.

நெடுக்காக அறுத்தவை ஒரு கிண்ணத்தில் கிடந்தன. அவற்றையும் சின்னதாக வெட்டி வறுவல் செய்துவிடலாம் என்பது எங்கள் யோசனை. அம்மா அதற்குள் கல்லுப்பும் மஞ்சளும் தடவி முடித்திருந்தார். மாடி பொதுமாடி. பன்னிரண்டு வீட்டுத் துணியும் அங்கேதான் காய்கிறது. மாடியில் வற்றல் போடுவதென்றாலும் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சொல்லிவிட்டுப் போடுவது வழக்கம். இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பரணில் இருந்த சணல் கயிற்றை எடுத்து நீளம் பார்த்தார். மூணு நாள் வெயில் போதும் என்றார். காக்கா வருமா என்று கேட்டார்.