நிறம் பார்க்கும் கண்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களின் மடியில் வளர்ந்தவள் நான். அம்மா காயைப் பரப்பி உட்கார்ந்தால் விரல் தானாகப் பிரித்துக்கொண்டே போகும். நல்ல பச்சை ஒரு குவியல், வெளிறியது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். நிறம் இறங்கினால் விலையும் இறங்கும். பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்பது அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும். அதே கண்ணைக் கடலுக்கடியில் ஒரு நாள் பார்த்தேன்.

எங்கள் ஊர் வழியே போகும் சாலைக்கு முன்பு 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். கொச்சியில் கிளம்பி, மூணாறு ஏறி, போடிமெட்டில் வளைந்து வளைந்து இறங்கி, தேனி, மதுரை, ராமநாதபுரம் தாண்டித் தனுஷ்கோடிக்குப் போகும். ஒரு சித்திரை மாதம் அந்த வழியே ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தேன். பவளப்பாறைகளின் நலத்தைக் கணக்கெடுக்கும் தன்னார்வ முக்குளிப்பாளர்கள் நான்கு பேர் என்னையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார்கள்.

விசைப்படகுகளின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. ஓலைக்குடா கரையிலிருந்து நாட்டுப்படகில் கிளம்பினோம். நால்வரில் ஒருவர் சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளை. இருவர் கல்லூரி மாணவர்கள். நான்காமவர், சிறுவயதிலிருந்து கடலில் பாசி எடுக்கும் அக்கா. விரல்களில் துணி சுற்றியிருந்தார். பாறையிலிருந்து பாசி பறிக்கும் கைக்கு அதுதான் கவசம். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீசல் காசைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

கடற்கரைக்காரர்களுக்குப் பவளப்பாறை 'பார்'. “கல்லுன்னு நெனச்சு மிதிச்சிராதீங்கக்கா. உசுரு அது” என்றார் சங்கு குளிக்கும் தம்பி. எங்கள் ஊர்க் கொட்டகுடி ஆற்றில் பழகிய நீச்சலை நம்பி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

ஆளுயரத் தண்ணீர்தான். தலையைத் தாழ்த்தியதும் கீழே பழுப்பும் இளம்பச்சையுமாக உருண்டைப் பவளங்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டிய ஊர். அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் தருகிறது, உணவில் பெரும்பங்கையும் தருகிறது. தண்ணீர் சூடாகி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் அந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். அப்போது தெரிவது சுண்ணாம்பு எலும்பின் வெள்ளை. அந்த நிலையிலும் பவளத்துக்கு உயிர் இருக்கிறது. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் நிறம் திரும்பும். குளிராவிட்டால் பட்டினியால் சாகும்.

ஆகவே நிறத்தைப் படிப்பதுதான் இவர்களின் வேலை. கல்லூரி மாணவர்களில் ஒருத்தியான மாணவியின் கையில் ஒரு சிறிய நிற அட்டை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் பிறந்த திட்டத்தின் அட்டை அது. நான்கு பக்கமும் நான்கு வகை நிறம். ஒவ்வொன்றிலும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை ஆறு படிகள். ஒரு பவளத்தைத் தேர்ந்து, அதில் மிக வெளிறிய இடத்தை முதலில் தேடுகிறார்கள். அட்டையை அதன் அருகே பிடித்து, பொருந்தும் படியை நீருக்கடியிலேயே பலகையில் பென்சிலால் எழுதுகிறார்கள். பிறகு மிக அடர்ந்த இடம். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் நிறங்களை விழுங்கிவிடும். அட்டையும் அதே தண்ணீரில், அதே வெளிச்சத்தில் இருப்பதால் ஒப்பீடு பிசகுவதில்லை. மாணவி இரண்டாம் படியா மூன்றாம் படியா என்று தயங்கி, அட்டையை விலக்கி, மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரு காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அம்மாதான் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

இந்தக் கடல் நிறைய இழந்திருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் சில காலம் பவளக்கல் வெட்டு நிற்கவில்லை. “எங்கப்பா காலத்துல வெட்டிக் காளவாய்க்கு அனுப்புனாங்க. நான் அதே கல்லுக்குக் கணக்கெழுதுறேன்” என்றார் அக்கா. வெட்டு நின்றபின் வந்தது வெப்பம். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன.

2024 கோடையை எங்கள் மலைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கோடைமழை ஏமாற்றியது, ஓடைகள் வற்றின. நிழலில் வாழ்ந்து பழகிய ஏலச்செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. ஏப்ரல் 15 அன்று, உலகின் பவளப்பாறைகள் நான்காவது முறையாக உலகளவில் வெளிறிவருவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த நிகழ்வில் 84 சதவீதப் பவளப்பாறைப் பரப்பு, வெளிறச் செய்யும் அளவு வெப்பத்துக்கு ஆளானதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். மலையில் இலை கருகியதும் கடலில் பவளம் வெளுத்ததும் ஒரே கோடையில். அன்று அதை நான் அறிந்திருக்கவில்லை.

“தண்ணி சூடாச்சுன்னா கருவிக்கு முன்னாடி எங்க காலுக்குத் தெரிஞ்சிரும். ஆனா காலு சொல்றத யாரு நம்புவா? அதான் எழுதி வைக்கிறோம்” என்றார் அக்கா. ஏலத்தோட்டங்களில் மழையளவை நாள் தவறாமல் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குத் தெரியும். ஒரு நாள் கணக்கு ஒன்றும் சொல்லாது, பத்து வருட நோட்டுதான் மலையின் கதையைச் சொல்லும். கடலுக்கும் அப்படியொரு நோட்டு வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் எல்லாப் பாரிலும் எல்லா மாதமும் இருக்க முடியாது. பூங்கா எல்லைக்குள் இறங்க வனத்துறை அனுமதியும் வேண்டும். எல்லைக்கு வெளியே கிடக்கும் பார்களைத் தொடர்ந்து பார்க்கக் கரையிலேயே வாழும் கண்கள் தேவை. அந்தக் கண்களுக்குப் பயிற்சியும், அவர்களின் கணக்குக்கு மரியாதையும், படகுக்கு டீசலும் தருவது நம் கடமை.

கரையேறியதும் பலகையிலிருந்த எண்களை நால்வரும் ஒரு நீள நோட்டில் ஏற்றினார்கள். மாணவி தயங்கிய அந்தப் பவளத்துக்கு இரண்டு என்று எழுதியிருந்தாள். போன மாதம் அதற்கு மூன்று.

“அடுத்த மாசமும் மொதல்ல அதத்தான் பாக்கணும்” என்று தேதி குறித்தார் தம்பி. நானும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.